மேடையைத் தொழிலாகக் கொண்ட பெண்கள்

நூற்றாண்டு மலர் ஒன்றைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் தேடுவது பெயர்களைத்தான். எமது வகுப்புத் தோழியர் யார் யார் என்னென்ன ஆனார்கள் என்று பார்க்கிறோம். மருத்துவர்கள், ஆசிரியைகள், சட்டத்தரணிகள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள், தாதியர், அதிபர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். சங்கீத பூஷணங்களும் நடன ஆசிரியைகளும் இருப்பார்கள். ஆனால் “மேடை நடிகை” என்ற தொழிற்பெயர் அந்தப் பட்டியல்களில் கண்ணில் படுவது மிக அரிது. இது எமது கல்லூரிக்கு மட்டும் உரிய குறையன்று. இலங்கையின் எந்தத் தமிழ்ப் பெண்கள் பாடசாலையின் மலரை விரித்தாலும் இதே நிலைதான்.

ஆனால் மேடை எமக்குப் புதியதன்று. பரிசளிப்பு விழா, நாமகள் விழா, இல்ல நாடகப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி என்று ஆண்டுதோறும் மேடை ஏறியவர்கள்தான் நாம். அரிச்சந்திரனாகவும் இராமனாகவும் சங்கிலியனாகவும் மீசை வரைந்து நின்றிருக்கிறோம். பதினேழு பதினெட்டு வயதில் மண்டபத்தையே அழவைத்த ஒருத்தி ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தாள். பாடசாலையை விட்டு வெளியே வந்ததும் அவளுடைய நடிப்பு எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை காண, தமிழ் மேடையில் ஒரு பெண் நடிப்பைத் தொழிலாகக் கொள்வது எப்படி இருந்தது என்ற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

மாதவியின் ஏழாண்டு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நாமெல்லாம் பாடநூலில் படித்தோம். பரீட்சைக்காகப் படித்ததனால் அதில் உள்ள ஒரு செய்தியை நாம் அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு பெண் கலைஞரின் தொழிற்பயிற்சி பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய, மிக விரிவான பதிவு அது. மாதவி ஐந்து வயதிலே பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். அவளுக்குப் பின்னால் ஆடலாசான், இசையாசான், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை ஆசான், குழலாசான், யாழாசான் என்று ஆறு ஆசிரியர்கள் நிற்கிறார்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவும் சொல்லப்படுகிறது. முடிவில் மாதவி தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன் பெறுமதியான மாலையும் பெறுகிறாள்.

காதை அத்துடன் நிற்கவில்லை. அந்த மாலையை ஒரு கூனி நகரத்து வீதியிலே கொண்டுபோய் நிறுத்துகிறாள். அதை வாங்குபவன் மாதவிக்குக் கணவனாவான் என்பது ஏற்பாடு. கோவலன் வாங்குகிறான். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஏழாண்டு உழைத்துப் பெற்ற பரிசே அவளுக்குரிய விலையாக மாறிவிடுகிறது. தமிழ் மேடையில் பெண் அடைந்த சிறப்பும் சிறுமையும் ஒரே காதையில் அடங்கியிருக்கின்றன. பிற்காலத்தில் “கூத்தாடி” என்ற சொல் வசையாக மாறியதற்கும், எமது பாட்டிமார் மேடை என்றாலே முகம் சுளித்ததற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் நடிப்பை வெறுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நடிக்கும் பெண்ணுக்கு ஊர் வைத்த விலையைக் கண்டு அஞ்சினார்கள்.

இதே அரங்கேற்று காதையில் யாழாசானைப் பற்றி வரும் பகுதியை ஆராயப் புகுந்தே சுவாமி விபுலாநந்தர் தமது வாழ்நாட் பணியான யாழ் நூலை எழுதி 1947இல் வெளியிட்டார் என்பது மட்டக்களப்பு மண்ணுக்கு உரிய பெருமை. அதற்கு முன்பே, 1926இல், சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் ஒருங்கே ஆராய்ந்து மதங்க சூளாமணி என்ற நூலைத் தந்தவரும் அவரே. நாடகம் படித்தவர்கள் ஆராய வேண்டிய கலை என்று அந்த நூல் நிலைநாட்டியது. ஆயினும் படித்த வீட்டுப் பெண் அந்தக் கலையைத் தொழிலாக ஏற்கலாம் என்று சொல்ல அக்காலத்தில் எவரும் முன்வரவில்லை.

ஆண்களே பெண்களான காலம்

வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினார்கள். அண்ணாவியார் ஊர் இளைஞர்களைக் கூட்டி, மாதக்கணக்கில் சட்டம் கொடுத்துப் பழக்கி, களரியிலே விடிய விடிய ஆடவைத்தார். பெண்கள் பாய் விரித்து இருந்து பார்த்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் தமிழகத்தில் புதுவகை நாடகம் எழுந்தது. வண்ணத் திரைகளும் ஆர்மோனியமும் இந்துஸ்தானி மெட்டுகளும் மேடைக்கு வந்தன. அந்தக் கலவையைத் தமிழ்ச் செந்நெறி நாடகமாக வார்த்தெடுத்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அவர் வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய பல நாடகங்களை எழுதினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களை நடிகர்களாகப் பயிற்றினார். பின்னாளில் புகழ்பெற்ற ரி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில் வளர்ந்தவர்கள்.

இத்தகைய கம்பனிகளை “பாய்ஸ் கம்பனி” என்று அழைத்தார்கள். பையன்கள் அங்கேயே உண்டு, உறங்கி, பாட்டும் வசனமும் அபிநயமும் பாடமாகக் கற்றார்கள். தமிழில் நாடகக் கல்லூரி என்று சொல்லத்தக்க ஒன்று அன்று இருந்தது என்றால் அது இதுதான். ஆனால் அதன் கதவு பெண்பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. குரல் இனிய பையன்கள் பெண் வேடமேற்றார்கள். வயது வந்து குரல் உடைந்ததும் அவர்களிற் பலருடைய தொழிலும் உடைந்தது.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறுவிதமாக இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையைப் பின்பற்றி, கலையரசு க. சொர்ணலிங்கம் முதலானோர் 1913இல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையை நிறுவினார்கள். உத்தியோகத்தரும் கற்றோரும் பொழுதுபோக்காக, ஊதியம் பெறாமல் நடித்த சபை அது. நாடகத்துக்கு மதிப்புத் தேடித் தந்தார்கள். அந்த மதிப்பின் அடிப்படையே “நாங்கள் தொழிலுக்காக நடிப்பவர்கள் அல்லர்” என்பதுதான். அங்கும் பெண் வேடம் ஆண்களுடையதே. மேடைக்கு வந்த கௌரவம் பெண்ணுக்கு இடம் தரவில்லை என்பதோடு, நடிப்புக்குக் கூலி வாங்குவது குறைவு என்ற எண்ணத்தையும் படித்தவர் மனத்தில் ஆழப் பதித்துவிட்டது. இன்றும் நாம் அந்த எண்ணத்திலிருந்து முழுதாக விடுபட்டுவிடவில்லை.

கொடுமுடிச் சிறுமி

இந்தச் சூழலில் ஒரு பெண் செந்நெறி நாடகத்தைக் கற்று, அதையே தொழிலாகக் கொண்டு, அதனாலேயே வாழ்ந்து காட்ட முடியுமா? முடிந்தது. எமது அம்மாமார் “ஔவையார்” என்ற ஒரு பெயரால் மட்டும் அறிந்திருந்த கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை அதற்குச் சான்று.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் அவர். தந்தையை இளமையிலேயே இழந்த, வறுமை மிக்க குடும்பம். ரயிலிலே பாடிக்கொண்டு போன சிறுமியின் குரலைக் கேட்ட பெரியவர் ஒருவர் அவரை நாடகத்துக்கு அறிமுகம் செய்தார் என்பது நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வேலு நாயர் கம்பனியில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் ஆண் குழந்தை வேடத்தில் மேடையேறினார். சிறு வயதிலேயே நாடகக் குழுவுடன் கடல் கடந்து இலங்கைக்கும் வந்து பாடினார்.

கம்பனியிலே அவர் பெற்ற பயிற்சி என்ன என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒலிவாங்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையிலே தரையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே மேல் சுருதியிலே, சொல் சிதையாமல், இராகம் கெடாமல் விடியும்வரை பாடும் குரலைப் பழக்கினார்கள். விருத்தம், தரு, கீர்த்தனை, வசனம் என்று நூற்றுக்கணக்கான உருப்படிகளை மனப்பாடம் செய்வித்தார்கள். எதிரே நிற்பவர் சற்று விலகி ஒரு கேள்வி கேட்டால், கதையை விட்டுப் போகாமல் அந்தக் கணமே விடை சொல்லும் வாதத்திறனும் வேண்டும். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே இரவிரவாகக் கூட்டம் விழித்திருந்தது.

இந்தப் பயிற்சியின் பயன் “ஸ்பெஷல் நாடகம்” என்ற முறையிலே தெரிந்தது. ஒரு கம்பனியைச் சாராமல், இராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை எதுவும் இன்றி அன்றிரவே மேடையேறுவார்கள். எல்லோரும் சுவாமிகளின் ஒரே பாடத்தைக் கற்றிருந்தபடியால் அது சாத்தியமாயிற்று. ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்ததும் நாடகம் தொடங்கிவிடும். ஒரு பெண்ணுக்கு இதன் பொருள் மிகப் பெரியது. கம்பனி முதலாளியின் கையை எதிர்பார்க்காமல், தன் பெயரிலே, தன் ஊதியத்தைத் தானே பேசி நடிக்க முடிந்தது. தெளிந்த பயிற்சி ஒன்று கையில் இருந்தபடியால்தான் அந்தச் சுதந்திரமும் கிடைத்தது.

கொழும்பில் நிகழ்ந்த சந்திப்பு

1926ஆம் ஆண்டளவில் சுந்தராம்பாள் கொழும்பிலே நாடகம் ஆடிக்கொண்டிருந்தார். அங்கேதான் அவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் முதன்முதலாக இணைந்து நடித்தார். கிட்டப்பா அப்போது இருபது வயது இளைஞர். சிறுவனாகவே மேடையேறி, கன்னையா கம்பனியிலே பெரும் புகழ் பெற்றவர். இருவருமே உச்சத்தில் நின்று பாடும் குரலுக்குப் பெயர் பெற்றவர்கள். அந்த இணையின் முதல் மேடை இலங்கையாக அமைந்தது எமக்குப் பெருமை தரும் செய்தி. எமது சங்கம் பிறந்த அதே பத்தாண்டுக் காலத்தில், எமது நாட்டுத் தலைநகரில், ஒரு பெண் நடிப்பினால் உழைத்துத் தலைநிமிர்ந்து நின்றாள் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருவரும் 1927இல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சில ஆண்டுகளிலே பிரிவு வந்தது. கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் திகதி, 27 வயதிலே மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அன்று தொட்டு வெள்ளை உடுத்தினார். எந்த ஆண் நடிகருடனும் இனி இணைந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்த முடிவு அவருடைய சோகத்தை மட்டும் காட்டுவதாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். தொழில் வரலாறாகப் பார்த்தால் அதில் இன்னொரு பக்கமும் உண்டு. கதாநாயகி வேடத்தை முற்றாக விட்டுவிட்டால் ஒரு நடிகைக்கு என்ன மிஞ்சும்? அவருக்கு மிஞ்சியது பயிற்சி. மேடைக்குத் திரும்பியபோது அவர் நந்தனாராக, ஓர் ஆணாக, வேடமேற்றார். 1935இல் அதே நந்தனார் திரைப்படமாக எடுக்கப்பட்டபோது அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபா. அக்காலத்தில் எவரும் கேள்விப்படாத தொகை அது. அதே படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

பின்னர் 1953இல் ஜெமினியின் ஔவையார் வந்தது. இலங்கையின் பட்டிதொட்டியெல்லாம் அவர் குரல் பரவியது. பூம்புகாரில் கவுந்தியடிகளாகவும் திருவிளையாடலில் மீண்டும் ஔவையாகவும் தோன்றினார். 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமது ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கையும் கட்டினார். 1980இல் அவர் மறைந்தபோது, ரயிலிலே பாடிய சிறுமி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் குரலால் வாழ்ந்து முடித்திருந்தாள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கும்பகோணத்தில் பெண்களையே கொண்டு நாடகக் கம்பனி நடத்திய பாலாமணி அம்மாள் தமது காலத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர்; இறுதியில் வறுமையிலே மறைந்தார். திருவையாற்றிலே பிறந்து, சிறுமியாகவே மணம் செய்விக்கப்பட்டு, அந்த வாழ்வு முறிந்ததும் நாடகத்துக்கு வந்த ரி.பி. ராஜலக்ஷ்மி, 1931இல் வெளிவந்த காளிதாஸ் என்ற முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகியானார்; 1936இல் மிஸ் கமலா என்ற படத்தைத் தாமே இயக்கினார். இவர்கள் வாழ்வில் ஒன்றைக் கவனியுங்கள். இவர்களிற் சுந்தராம்பாளும் ராஜலக்ஷ்மியும் வேறு வழியில்லாத நிலையிலேதான் நாடகத்துக்குள் வந்தார்கள். விரும்பிய வீட்டிலிருந்து வாழ்த்துப் பெற்று மேடைக்குப் போன பெண்ணை அந்தக் காலத்து வரலாற்றில் காண்பது கடினம்.

எமது நாட்டு மேடை

இலங்கையில் சிங்கள நாடகமும் இதே பாதையிலேதான் நடந்தது. 1911 டிசம்பரில் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் நூர்த்தி நாடகங்கள் நிறைந்த கூட்டத்துக்கு நடந்தன. இந்துஸ்தானி மெட்டுகளிலே பாடி நடித்த அனி பொதேஜு, லக்ஷ்மி பாய் போன்ற நடிகையர் அந்த மேடையில் புகழ் பெற்றார்கள். சினிமா வந்ததும் அந்த மேடை மங்கியது. 1978இல் சட்டத்தின் மூலம் டவர் மண்டப அரங்க மன்றம் அமைக்கப்பட்டபோது, முதிய கலைஞர்களின் நலன் பேணலும் அதன் பணியாயிற்று.

தமிழ்ப் பக்கத்தில், இசை நாடகத்தை யாழ்ப்பாணத்து மண்ணில் வேரூன்றச் செய்தவர் காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து. வசந்த கான சபா என்ற குழுவுடன் கோயில் வீதி தோறும் ஆடினார். அவருடைய அரிச்சந்திர மயான காண்டத்தை நேரில் பார்த்தவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சுடலையிலே நின்று அவர் பாடும்போது அழாத பெண் இல்லை. ஆனால் அந்த நாடகத்தின் சந்திரமதி ஓர் ஆண். பார்த்து அழுதவர்களிலே ஒருத்தி மேடையேறிச் சந்திரமதியாகலாம் என்று ஊரில் எவருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தடையை முதலிலே தளர்த்தியது பல்கலைக்கழகம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி 1962இல் கர்ணன் போரையும், பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன், 1968இல் வாலி வதை ஆகியவற்றையும் மேடையேற்றினார். ஆண்களே ஆடிவந்த கூத்திலே மாணவியரும் ஆடினார்கள். பட்டதாரியாகப் போகும் பெண், தாளக்கட்டுக்கு அடவு பிடித்து ஆடினாள்; ஊர் அதைப் பார்த்துக் கைதட்டியது. இது சிறிய மாற்றமன்று.

மேடைக்கு வர முடியாத பெண்ணுக்கு வானொலி ஒரு வழியாக இருந்தது. முகம் தெரியாது, குரல் மட்டும் வீடுகளுக்குள் போகும். எமது வீடுகளில் சமையலறை வேலையுடன் வேலையாக வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ராஜேஸ்வரி சண்முகம் வானொலி நாடகக் கலைஞராகத் தொடங்கி, அறிவிப்பாளராகி, பூவும் பொட்டும் மங்கையர் மஞ்சரி மூலம் வீட்டில் ஒருவர் போலானார். நடிப்புப் பயிற்சி பெற்ற குரல் ஒரு நிலையான தொழிலுக்கு எப்படி வழி திறக்கும் என்பதற்கு அவரை விடச் சிறந்த உதாரணம் எமது தலைமுறைக்கு இல்லை.

1978ஆம் ஆண்டு எமது நாடக வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டு குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை அமைத்தார். களப்பயிற்சி, உடற்பயிற்சி, குரற்பயிற்சி என்று நாடகத்தை முறையாகக் கற்கும் வழி பிறந்தது. அதே ஆண்டில் க. பாலேந்திராவின் அவைக்காற்று கலைக் கழகமும் தோன்றியது. கண்ணாடி வார்ப்புகள், யேர்மா போன்ற மொழிபெயர்ப்பு நாடகங்களில் பெண்ணின் மன உலகமே கதையாக இருந்தது. அத்தகைய பாத்திரங்களுக்கு ஆண் வேடமிட்டு ஆட முடியாது. பெண் நடிகர் இல்லாமல் நாடகமே இல்லை என்ற நிலை அப்போதுதான் வந்தது. ஆனந்தராணி பாலேந்திரா அந்த மேடையிலே நடித்து, புலம்பெயர்ந்து இலண்டன் சென்ற பின்னரும் தொடர்ந்து நடித்து வருவதை அங்குள்ள எமது சகோதரிகள் நன்கு அறிவார்கள்.

பின்னர் போர்க்காலம். 1985இல் மண் சுமந்த மேனியர் மேடையேறியபோது நாடகம் பொழுதுபோக்கு என்ற எண்ணம் முற்றாக மாறியது. மக்கள் தமது துயரத்தைத் தாமே பார்க்கும் இடமாக மேடை ஆயிற்று. இடம்பெயர்ந்த முகாம்களிலும் மர நிழலிலும் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தும் பேச வைத்தும் நாடகம் செய்தவர்களில் ஆசிரியைகள் பலர். அவர்களை நடிகையர் என்று எவரும் பதிவு செய்யவில்லை.

இன்று ஒரு மாணவி கேட்டால்

இப்போது உயர்தரத்தில் “நாடகமும் அரங்கியலும்” ஒரு பாடம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பட்டம் பெறும் வரை அதைப் படிக்கலாம். மாதவிக்குக் கிடைத்த ஆறு ஆசிரியர்கள் கிடைக்காவிட்டாலும், சுந்தராம்பாளைப் போல வறுமை துரத்தி மேடைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. ஆயினும் ஒரு பிள்ளை “நான் நாடகம் படிக்கப் போகிறேன்” என்று வீட்டில் சொன்னால், “படிச்சு என்ன செய்யப் போறாய்?” என்ற கேள்வி உடனே வருகிறது. கேட்பவர்களிலே நாமும் இருக்கிறோம்.

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழ் மேடையில் நடிப்பை மட்டும் நம்பி மாதம் முழுவதும் அடுப்பெரிவது இன்று ஏறத்தாழ முடியாத காரியம். நாடகம் படித்த பெண்கள் பெரும்பாலும் ஆசிரியைகளாகிறார்கள். பகலில் கற்பித்து, மாலையில் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒலிபரப்பு, தொலைக்காட்சி, குரற்பதிவு, உளநலப் பணி, சிறுவர் அரங்கு ஆகியவற்றிலும் அந்தப் பயிற்சி பயன்படுகிறது. புலம்பெயர் நாடுகளில் வளரும் எமது பேரப்பிள்ளைகளுக்கு நடிப்புக் கல்லூரிகளே இருக்கின்றன. அவர்களிற் சிலர் அங்கு சேரவும் தொடங்கியிருக்கிறார்கள்.

வரலாறு எமக்குச் சொல்வது இதுதான். மேடையிலே நிலைத்த பெண்களுக்கு நான்கு துணைகள் இருந்தன. இளமையிலேயே முறையான பயிற்சி கிடைத்தது. எங்கு போனாலும் கைகொடுக்கும் பாடம் ஒன்று நெஞ்சில் இருந்தது. நடிப்புக்கு ஊதியம் கேட்கக் கூசாத துணிவு இருந்தது. ஆபத்திலே பக்கம் நிற்க ஒரு சிலராவது இருந்தார்கள். விழுந்தவர்களுக்கு இவற்றில் ஒன்று இல்லாமற் போயிற்று. பெரும்பாலும் இறுதியானதுதான் இல்லாமற் போயிற்று.

இவற்றில் பலவற்றை ஒரு பாடசாலையும் அதன் பழைய மாணவியரும் கொடுக்க முடியும். மண்டபத்துக்குத் திரைச்சீலையும் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுக்க நாம் ஒருபோதும் பின்னின்றதில்லை. ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அதற்குக் காசு வந்திருக்கிறது. அந்த மேடையில் நிற்கப்போகும் பிள்ளைக்கு என்ன செய்தோம் என்றும் இனி எண்ணுவோம். குரற்பயிற்சிக்கு ஒரு வளவாளரை அழைத்துக் கொடுக்கலாம். இசை நாடகமும் கூத்தும் அறிந்த மூத்த கலைஞர்கள் இருக்கும்போதே அவர்களைக் கல்லூரிக்கு வரவழைத்து, எமது பிள்ளைகளுக்கு ஒரு நாடகத்தையாவது முழுமையாகப் பழக்கச் சொல்லலாம்; அதற்கு உரிய ஊதியமும் கொடுக்கலாம். விஞ்ஞானப் பிரிவு மாணவிக்குப் புலமைப்பரிசில் கொடுப்பது போல நாடகம் படிக்கும் மாணவிக்கும் ஒன்று கொடுக்கலாம். பரிசளிப்பு விழாவிலே நடித்தவளை “நல்லாய் நடிச்சாய்” என்று சொல்லி அனுப்பிவிடாமல், “தொடர்ந்து படி, நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லலாம்.

நூறு ஆண்டுகளாக மருத்துவர்களையும் ஆசிரியைகளையும் சட்டத்தரணிகளையும் தந்த கல்லூரி இது. அடுத்த மலரைத் தொகுக்கப்போகும் தங்கைமார் தங்கள் பெயர்ப் பட்டியலிலே “மேடை நடிகை” என்று ஒரு வரியை எழுதும்போது, அதை எழுதக் கூசாமலும், அதை வியப்பாக எண்ணாமலும் எழுத வேண்டும். அதற்கான வேலையை நாம் இந்த ஆண்டே தொடங்குவோம்.